சைக்கிள் ரேஸ்ல ஊக்கமருந்து, தண்டனை எப்படி இருக்கணும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாங்க கிருஷ்ணகிரில ஒரு பத்து பதினஞ்சு பேரு ஞாயித்துக்கிழமை விடியகாலைல சைக்கிள் எடுத்துட்டு கிளம்புவோம். ஒரு வாரம் கேஆர்பி டேம், ஒரு வாரம் ராயக்கோட்டை வழியா பாலக்கோடு, கால்ல தெம்பு இருந்தா தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி மலை ரோடு. முடிச்சுட்டு டீக்கடைல உக்காந்தா ஜூலை மாசம் பூரா பேச்சு டூர் டி பிரான்ஸ்ல, அதாவது பிரான்ஸ்ல வருஷா வருஷம் நடக்கற பெரிய சைக்கிள் ரேஸ்ல வந்து நிக்கும், அங்கருந்து நேரா ஊக்கமருந்துக்கு போயிடும், பசங்க கேக்குற கேள்வி வருஷா வருஷம் ஒண்ணுதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா மொத்தமா எழுதிட்டேன், கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

ஊக்கமருந்துன்னா போதை மருந்தாண்ணா?

இல்ல தம்பி. முக்காவாசி ஆஸ்பத்திரில நோயாளிக்கு தினமும் போடற மருந்துதான். சைக்கிள் ரேஸ்ல ரொம்ப அடிபட்ட பேரு ஈபிஓ, முழுப்பேரு எரித்ரோபாய்ட்டின். நம்ம கிட்னியே சுரக்குற ஹார்மோன் அது, எலும்பு மஜ்ஜைக்கு போய் சிவப்பணு உண்டாக்க சொல்றது அதோட வேல. கிட்னி கெட்டுப் போனவங்களுக்கு அது சரியா சுரக்காது, ரத்தம் இறங்கிக்கிட்டே போகும், அதனால ஊசியா போடுவாங்க.

எங்கப்பாவுக்கு கடைசி மூணு வருஷம் டயாலிசிஸ் நடந்துச்சு. ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் 7, வாசப்படி ஏறி வர்றதுக்குள்ள திண்ணைல உக்காந்துடுவார். ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசத்துல 10 வந்துச்சு, அப்பறம் அவரே தெரு முனை வரைக்கும் நடந்து போய் பேப்பர் வாங்கிட்டு வருவார், அந்த பத்து நிமிஷ நடைய நாங்க வீடே வாசல்ல நின்னு பாப்போம். சூடு பட்டா கெட்டுரும்னு ஐஸ் பெட்டில அந்த ஊசிய தூக்கிட்டு போனது நான்தான். அதே மருந்த நல்லா இருக்கற ஒருத்தன் மெடலுக்காக போட்டான்னு கேக்கும்போது எனக்கு கோவம் மத்தவங்கள விட கொஞ்சம் கூடவே வரும், அதையும் சேத்துதான் கீழ எழுதினத படிக்கணும்.

நல்ல உடம்புக்காரனுக்கு அத போட்டா சிவப்பணு ஏறும், தசைக்கு ஆக்ஸிஜன் கூட போகும், மத்தவன் மூச்சு வாங்கி நிக்கற மேட்டுல இவன் மிதிச்சுட்டே போவான். கூடவே ரத்தம் கெட்டியாகும், கட்டி போய் அடைச்சுக்கவும் வாய்ப்பு இருக்கு. ஈபிஓ இல்லாம சொந்த ரத்தத்தையே முன்னாடியே எடுத்து வெச்சு ரேஸ் நடுவுல திருப்பி ஏத்திக்கறது, டெஸ்டோஸ்டிரோன், ஸ்டீராய்டு, அந்த காலத்துல ஆம்ஃபெடமின் மாத்திரை, இப்படி லிஸ்ட் பெருசு.

ஏன் சைக்கிள்ல மட்டும் இவ்ளோ நடக்குது?

மத்த விளையாட்டுலயும் நடக்குது, ஆனா சைக்கிள்ல ஆச ரொம்ப பெருசு. டூர் டி பிரான்ஸ் 21 ஸ்டேஜ், மூணு வாரம், சுமார் 3,400 கிமீ, நடுவுல ரெண்டே நாள் ரெஸ்ட். ஏற்காடு ஒரு தடவ சைக்கிள்ல ஏறினவங்களுக்கு அன்னிக்கு சாயங்காலம் உடம்பு எப்படி இருக்கும்னு தெரியும், அவங்க அதவிட பெரிய மலை மூணு நாலு ஒரே நாள்ல ஏறிட்டு அடுத்த நாள் காலைல திரும்பவும் கிளம்பணும். சீக்கிரம் உடம்ப தேத்தற மருந்து எதுவா இருந்தாலும் அங்க வில போகும்.

இது நேத்து ஆரம்பிச்சதும் இல்ல. 1967 ஜூலை 13, டாம் சிம்சன்னு ஒரு இங்கிலாந்துக்காரர், வயசு 29, மோன் வான்டூ மலைல கடும் வெயில்ல ஏறும்போது சைக்கிள்ல இருந்து சரிஞ்சு விழுந்து இறந்து போனார், பிரேத பரிசோதனைல ஆம்ஃபெடமினும் சாராயமும் இருந்துச்சு. 1998ல ஃபெஸ்டினாங்கற டீமோட உதவியாளர் ஒருத்தர் கார் நிறைய ஈபிஓவோட பிரான்ஸ் எல்லைல கஸ்டம்ஸ்கிட்ட மாட்டினார், அந்த டூரே பாதி கலைஞ்சு போச்சு. அதுக்கு அடுத்த வருஷம்தான் வாடான்னு சொல்ற உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பே வந்துச்சு.

இப்ப மாட்டினா என்ன தண்டனை?

வேணும்னே போட்டான்னு முடிவானா 4 வருஷ தடை. 2015 வரைக்கும் அது 2 வருஷமாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது தடவ மாட்டினா அதிகமாகும், மூணாவது தடவ பொதுவா வாழ்நாள் தடை. ஜெயிச்ச இடம், பரிசுப் பணம் எல்லாம் போகும். நோட்டீஸ் வந்த 20 நாளைக்குள்ள ஒத்துக்கிட்டு தண்டனைய ஏத்துக்கிட்டா ஒரு வருஷம் குறையும். கூட இருந்தவங்கள காட்டிக்கொடுத்து பெருசா உதவி பண்ணா முக்கால் பங்கு வரைக்கும் நிறுத்தி வைக்கலாம்.

இன்னொண்ணு நம்ம பசங்களுக்கு தெரியாதது, பெரிய ரைடர்ஸ் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் எங்க இருப்பேன்னு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும், ஆபீசர் சொல்லாம கொள்ளாம வந்து கதவ தட்டுவார். 12 மாசத்துல மூணு தடவ ஆள் இல்லன்னாலோ தகவல் தப்பா கொடுத்தாலோ, எந்த மருந்தும் கண்டுபிடிக்கலன்னாலும் தடைதான். 2007 டூர்ல மைக்கேல் ராஸ்முசன் மஞ்ச சட்டையோட முதல் இடத்துல இருக்கும்போதே, எங்க இருந்தேங்கறத பொய் சொன்னார்னு அவரோட டீமே வீட்டுக்கு அனுப்புச்சு.

4 வருஷம் பத்தாதுண்ணா, முதல் தடவையே வாழ்நாள் தடை போட்டா எவனும் தொட மாட்டான்ல?

இதத்தான் எல்லாரும் கேக்குறாங்க, நானும் பத்து வருஷம் முன்னாடி இதையேதான் சொல்லிட்டு இருந்தேன். அப்பறம் ஆம்ஸ்ட்ராங் கேச முழுசா படிச்சேன், மனசு மாறிடுச்சு.

லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999ல இருந்து 2005 வரைக்கும் வரிசையா 7 டூர் ஜெயிச்சவர். அத்தன வருஷம் நூத்துக்கணக்குல டெஸ்ட் எடுத்தாங்க. 1999லயே கார்ட்டிசோன்னு ஒரு வகை ஸ்டீராய்டு தெரிஞ்சுச்சு, பழைய தேதி போட்டு ஒரு மருந்து சீட்டு காட்டினாங்க, சரின்னு விட்டுட்டாங்க. கடைசில 2012ல அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு அவர எத வெச்சு பிடிச்சுதுன்னா வாய் வார்த்தைய வெச்சுதான். கூட ஓட்டின 11 பேரு உக்காந்து நாங்களும் போட்டோம், அவரும் போட்டார்னு சத்தியம் பண்ணி சொன்னாங்க. அதுல அப்ப ரேஸ்ல இருந்தவங்களுக்கு 6 மாசம்தான் தடை. அவருக்கு வாழ்நாள் தடை, 7 பட்டமும் போச்சு.

இப்ப யோசிங்க. உண்மைய சொன்னாலும் வாழ்நாள் தடை, சொல்லலன்னாலும் வாழ்நாள் தடைன்னா அந்த 11 பேர்ல எத்தன பேர் வாய தொறந்திருப்பான்? வீட்டு லோன், புள்ள குட்டி எல்லாம் இருக்கற மனுஷன், செத்தாலும் சொல்ல மாட்டான். தண்டனைய ஒரே அடியா உச்சத்துல வெச்சுட்டா கீழ இறங்க படி இல்லாம போயிடுது, படி இல்லன்னா யாரும் இறங்கி வந்து பேச மாட்டாங்க.

அதோட ஒரு ரைடரோட நல்ல வருஷம்னு பாத்தா பத்து பன்னெண்டு வருஷம்தான். அதுல 4 வருஷம் போச்சுன்னா, 27 வயசுல மாட்டினவன் 31ல வரும்போது எந்த டீம் எடுக்கும், பாதி வாழ்க்கை அங்கயே முடிஞ்சுடுது. அதனால 4 சின்ன தண்டனைன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

அவன் பயப்படாம இருக்கறதுக்கு காரணம் வேற, மாட்ட மாட்டோம்ங்கற நம்பிக்கை. ஹெல்மெட்டுக்கு ஃபைன் 100ல இருந்து 1000 ஆக்கினாங்க, என்ன ஆச்சு, சிக்னல்ல போலீஸ் நிக்கறாருன்னு தெரிஞ்சா டேங்க் மேல இருக்கறது தலைக்கு ஏறும், தாண்டினா திரும்ப டேங்க்குக்கு வந்துடும். எந்த வளைவுல நிப்பாங்கன்னு தெரியாம தினமும் நின்னா 100 ரூபாயே போதும்னு தோணுது எனக்கு.

அப்ப டெஸ்ட்ட அதிகமாக்கினா போதுமா?

வேணும், ஆனா அது மட்டும் போதாது. கொஞ்சூண்டு ஈபிஓவ ராத்திரி நரம்புல போட்டா காலைல தடயம் கம்மியாயிடும், இத போட்ட ரைடர்ஸே பின்னாடி ஒத்துக்கிட்டு சொல்லியிருக்காங்க.

ஈபிஓவ கண்டுபிடிக்க டெஸ்ட்டே 2000லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி 1997ல இருந்து யூசிஐ, அதாவது உலக சைக்கிளிங் சங்கம், ஒரு கோடு போட்டு வெச்சுது, ரத்தத்துல சிவப்பணு அளவு 50 சதவீதம் தாண்டினா 15 நாள் ஓட்டக்கூடாதுன்னு. நல்ல எண்ணத்துல போட்டதுதான், ஆனா 50 வரைக்கும் போகலாம்னு அனுமதி கொடுத்த மாதிரி ஆயிடுச்சு, 42 இருக்கறவன் 49க்கு ஏத்திட்டு நிம்மதியா ஓட்டினான். 1999ல மார்கோ பான்டானி இத்தாலி டூர்ல ஜெயிக்க ரெண்டு நாள் இருக்கும்போது 52 காட்டி வெளிய அனுப்பிட்டாங்க. அந்த மனுஷன் அதுல இருந்து மீளவே இல்ல, 2004 பிப்ரவரி 14ல ஒரு ஹோட்டல் ரூம்ல தனியா கிடந்து செத்தார், கோகைன். அவர் மலை ஏறுறத பாத்து சைக்கிள் மேல பைத்தியம் ஆனவங்கள்ல நானும் ஒருத்தன். தப்பு பண்ணார், தண்டிக்க வேண்டியதுதான், ஆனா தண்டிச்சுட்டு ஒரு மனுஷன அப்படியே ரோட்டுல விட்டுட்டு போற ஏற்பாடு சரியில்ல. தடை போட்ட அன்னைல இருந்து ஒரு மனநல டாக்டர் கூட இருக்கணும்னு விதியிலயே எழுதணும்ங்கறேன்.

2008ல பயாலாஜிக்கல் பாஸ்போர்ட் வந்தது பெரிய மாற்றம். மருந்த தேடாம ஒரே ஆளோட ரத்தத்த வருஷக்கணக்கா பாத்துட்டே வந்து, இந்த ஏத்த இறக்கம் இயற்கையா வராதுன்னு பிடிக்கறது. பால்காரர் தினமும் ஒரே மாட்டு பால கறந்து பாத்துட்டு இன்னிக்கு தண்ணி சேந்திருக்குன்னு சொல்ற மாதிரி, அவருக்கு எந்த கிணத்து தண்ணின்னு தெரிய வேண்டியதில்ல.

சாம்பிள 10 வருஷம் வரைக்கும் ஃப்ரீசர்ல வெச்சு புது டெஸ்ட் வரும்போது திரும்ப பாக்கலாம்னு விதி இருக்கு. எனக்கு ரொம்ப பிடிச்ச விதி இதுதான். இன்னிக்கு தப்பிச்சவன் இன்னும் 10 வருஷத்துக்கு நிம்மதியா தூங்க முடியாதுன்னா, அது 4 வருஷ தடைய விட பெரிய பயம்.

போடறவன் ரைடர், ஆனா போட்டு விடற டாக்டர், மேனேஜர்?

நம்ம ஊர்ல மாங்கா சீசன் தெரியும்ல. கல்லு போட்டு பழுக்க வெச்ச பழம்னு சொல்லுவோம், கார்பைடு கல்லு, தடை பண்ணது. வெளிய மஞ்சளா பளபளன்னு இருக்கும், உள்ள கொட்டை கிட்ட புளிக்கும். ரெய்டு வந்தா டன் கணக்குல பழத்த குழி தோண்டி பொதைப்பாங்க. பொதைக்க வேண்டியதுதான், சாப்பிடறவன் உடம்பு முக்கியம். ஆனா கல்ல யாரு வித்தான், குடோன்ல யாரு வைக்க சொன்னான், ரெண்டு நாள் முன்னாடியே லோடு ஏத்துனதுல யாருக்கு லாபம்னு போகாம பழத்தோட நிறுத்திட்டா அடுத்த வாரம் வேற குடோன்ல அதே கல்லு இருக்கும். கல்லு போட்டது மரமும் இல்ல, தோட்டத்துக்காரனும் இல்ல.

சைக்கிள் ரேஸ்ல ரொம்ப வருஷம் பழத்த மட்டும்தான் பொதைச்சாங்க. 2006ல ஸ்பெயின் போலீஸ் யூஃபெமியானோ ஃபுவென்டஸ்னு ஒரு டாக்டர பிடிச்சாங்க, 200க்கும் மேல ரத்தப் பை ஃப்ரீசர்ல, மேல ரகசிய பேரு எழுதி. அப்ப அந்த நாட்டுல ஊக்கமருந்துக்குன்னு குற்றச் சட்டம் இல்ல, பொது சுகாதாரத்துக்கு ஆபத்துன்னு ஒரு பிரிவுல கேஸ் போட்டாங்க. 2013ல ஒரு வருஷ தண்டனை, அதையும் 2016ல அப்பீல்ல ரத்து பண்ணிட்டாங்க, ரத்தம் சட்டப்படி மருந்து கிடையாதுன்னு காரணம் சொல்லி. பத்து வருஷம் இழுத்து கடைசில ஒண்ணும் இல்ல, நடுவுல எத்தன ரைடர் வாழ்க்கை போச்சு.

ஆம்ஸ்ட்ராங் கேஸ்லதான் இது கொஞ்சம் மாறுச்சு. டாக்டர் மிக்கேலே ஃபெராரிக்கு வாழ்நாள் தடை. டீம் மேனேஜர் யோஹான் ப்ருய்னீலுக்கு முதல்ல 10 வருஷம், அப்பறம் 2018ல விளையாட்டு தீர்ப்பாயம் அத வாழ்நாளாக்குச்சு. இதுதான் சரி. இப்ப விதிப்படி மருந்து கொடுத்தவனுக்கு, வித்தவனுக்கு 4 வருஷத்துல இருந்து வாழ்நாள் வரைக்கும் போடலாம். என்ன கேட்டா அந்த குறைஞ்சபட்சம் 4ங்கறது தப்பு. 22 வயசு பையனுக்கு 4, அவனுக்கு ஊசி போட்ட 50 வயசு டாக்டருக்கும் 4 இருந்து ஆரம்பம்னா அது என்ன கணக்கு? டாக்டருக்கு முதல் தடவையே வாழ்நாள், கூடவே மெடிக்கல் லைசென்சும் போகணும். வாழ்நாள் தடை வேணாம்னு மேல சொன்னேனே, அது ரைடருக்கு. டாக்டருக்கு எனக்கு அந்த இரக்கம் வரல, நோயாளிய காப்பாத்த படிச்ச படிப்ப வெச்சு பண்ற வேல இது.

டீம தண்டிக்கணுமா? ஒருத்தன் பண்ண தப்புக்கு மத்தவன் என்ன பண்ணுவான்?

நியாயமான கேள்விதான். இப்ப இருக்கற விதி, 12 மாசத்துல ஒரே டீம்ல ரெண்டு பேர் மாட்டினா டீம 15ல இருந்து 45 நாள் நிறுத்தலாம். 2017ல ஒரு இத்தாலி டீம இப்படி 30 நாள் நிறுத்தினாங்க. 2022ல போர்ச்சுகல்ல டபிள்யூ52 எஃப்சி போர்ட்டோங்கற டீம்ல போலீஸ் புகுந்து மருந்து பிடிச்சுது, லைசென்சே போச்சு.

மெக்கானிக், சமையல்காரர், பஸ் டிரைவர் எல்லாம் சம்பளம் இல்லாம நிப்பாங்கன்னா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அதனால ஓட்ட விடாம நிறுத்தறத விட பணத்துல கை வைக்கறது நல்லதுன்னு நினைக்கறேன். டூர் ஜெயிச்சா பரிசு 5 லட்சம் யூரோ, அத ஜெயிச்சவர் தனியா வெச்சுக்க மாட்டார், டீமே பங்கு போட்டுக்கும். சாம்பிள் 10 வருஷம் ஃப்ரீசர்ல இருக்குல்ல, பரிசுப் பணத்துல பாதியும் அதே 10 வருஷம் பேங்க்ல இருக்கட்டும். எல்லாரும் சுத்தம்னா வட்டியோட வாங்கிக்கட்டும், ரிட்டயர் ஆகுற வயசுல நல்ல தொகையா இருக்கும். ஒருத்தன் மாட்டினா அந்த ரேஸ்ல டீமுக்கு வந்த மொத்த பங்கும் போகும். அப்ப பாருங்க, ராத்திரி ரூம் மேட் ஊசி எடுத்தா பக்கத்து கட்டில்ல இருக்கறவன் சும்மா படுத்திருக்க மாட்டான். இப்ப அவனுக்கு சும்மா இருக்கறதுலதான் லாபம்.

பட்டத்த பிடுங்கி ரெண்டாவது வந்தவருக்கு கொடுத்தா முடிஞ்சுதா?

முடியல. 2006 ஃபிளாய்ட் லாண்டிஸ்கிட்ட இருந்து எடுத்து ஆஸ்கார் பெரெய்ரோவுக்கு கொடுத்தாங்க, 2010 கான்டடோர்கிட்ட இருந்து ஆண்டி ஷ்லெக்குக்கு. ஷ்லெக்குக்கு அது கைக்கு வந்தது 2012ல. பாரிஸ்ல மேடை ஏறி நின்னு சொந்த நாட்டு பாட்டு கேக்குற அந்த அஞ்சு நிமிஷத்த யாராலயும் பார்சல்ல அனுப்ப முடியாது.

ஆம்ஸ்ட்ராங்கோட 7 வருஷத்துக்கு யாரையும் ஜெயிச்சவர்னு போடாம வெத்தா விட்டாங்க. அது நல்ல முடிவு, அவருக்கு அடுத்து வந்தவங்க பல பேரு மேலயும் ஊக்கமருந்து கேஸ் இருந்துச்சு.

எல்லாரும் போடறாங்கன்னா எல்லாருக்கும் அனுமதி கொடுத்துடலாமே, சமமா போயிடும்ல?

இந்த கேள்வி கேக்குறவங்க புத்திசாலித்தனமா கேக்குறதா நினைச்சுக்கறாங்க, எனக்கு இது ரொம்ப வருத்தமான கேள்வி. முதல்ல அது சமம் ஆகாது. சிவப்பணு இயற்கையாவே 48 இருக்கறவனுக்கு மருந்தால கிடைக்கறது கொஞ்சம், 40 இருக்கறவனுக்கு எக்கச்சக்கம். காசு இருக்கறவனுக்கு நல்ல டாக்டர், இல்லாதவன் தானே கத்துக்கிட்டு ஃப்ரிட்ஜ்ல ரத்தம் வெப்பான். ரிக்கார்டோ ரிக்கோன்னு ஒரு இத்தாலிக்காரர் 2008 டூர்ல மாட்டி தடை முடிஞ்சு வந்து, 2011ல ஆஸ்பத்திரில சீரியஸா படுத்தார். வீட்டு ஃப்ரிட்ஜ்ல பல நாள் வெச்ச சொந்த ரத்தத்த ஏத்திக்கிட்டதா டாக்டர்கிட்ட சொன்னார்னு தெரிஞ்சு கேஸ் ஆச்சு, 12 வருஷ தடை.

அதவிட முக்கியம் போடாதவன் கதை. 1999 டூர்ல கிறிஸ்டோஃப் பஸ்ஸோன்ஸ்னு ஒரு பிரெஞ்சு ரைடர், பேப்பர்ல பத்தி எழுதிட்டு இருந்தார், இந்த வேகம் சந்தேகமா இருக்குன்னு எழுதினார். ரேஸ் நடுவுலயே ஆம்ஸ்ட்ராங் பக்கத்துல வந்து வீட்டுக்கு போன்னு சொன்னார். சொந்த டீம்ல கூட யாரும் பேசல. அழுத்தம் தாங்காம பாதில கிளம்பி போயிட்டார், கொஞ்ச வருஷத்துல ரேசே விட்டுட்டார். எந்த விதியும் மீறாத ஒரு மனுஷனுக்கு கிடைச்ச தண்டனை அது, தடை பண்ணி இருக்கும்போதே இப்படி. அனுமதி கொடுத்துட்டா அந்த மாதிரி ஆளுங்க 16 வயசுலயே சைக்கிள வித்துட்டு போயிடுவாங்க.

ஜெயில்ல போடலாமா?

ரைடர வேணாம். விக்கறவன, போட்டு விடறவன போடணும். இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா எல்லா இடத்துலயும் குற்றச் சட்டம் இருக்கு. பெரிய கேசுங்கள வரிசையா பாருங்க, 1998 கஸ்டம்ஸ், 2006 ஸ்பெயின் போலீஸ், 2019ல ஆஸ்திரியால உலக ஸ்கீ போட்டி நடக்கும்போது போலீஸ் ரெய்டு. கடைசில சொன்னதுல ஜெர்மன் டாக்டர் மார்க் ஷ்மிட் மாட்டி 4 வருஷம் 10 மாசம் ஜெயில், அவர்கிட்ட போன ரெண்டு ஆஸ்திரிய சைக்கிள் ரைடருக்கும் 4 வருஷ தடை. மூணுமே மூத்திர டெஸ்ட்டால வெளிய வந்தது இல்ல. ஃபோன் ஒட்டுக்கேக்கவும் கதவ உடைக்கவும் போலீசாலதான் முடியும், சைக்கிள் சங்கத்தால முடியாது.

சைக்கிளுக்குள்ள மோட்டார் வெச்சு ஓட்டறாங்களாமே?

பெரிய போட்டில ஒரு கேஸ் நிரூபணம் ஆச்சு. 2016 ஜனவரி, சைக்ளோகிராஸ், அதாவது சேறு மண்ணுல ஓட்டற ரேஸோட உலக போட்டி, 19 வயசு பெல்ஜியம் பொண்ணோட சைக்கிள் ஃப்ரேம்ல மோட்டார். 6 வருஷ தடை. இப்ப எக்ஸ்ரே, காந்த ஸ்கேனர் எல்லாம் வெச்சு பாக்கறாங்க, மருந்த விட இத பிடிக்கறது சுலபம்.

தடை முடிஞ்சு வந்தவன திரும்ப சேத்துக்கணுமா?

சேத்துக்கணும், ஆனா எப்படி வர்றான்னு பாத்து. டேவிட் மில்லர்னு ஒருத்தர், 2004ல போலீஸ் அவர் வீட்டுல ஈபிஓ போட்ட காலி சிரிஞ்ச் எடுத்தாங்க, ஒத்துக்கிட்டார், ரெண்டு வருஷம் தடை. திரும்ப வந்து எப்படி ஆரம்பிச்சேன், எப்படி ஏமாத்தினேன்னு வெளிப்படையா பேசினார், வாடாவோட விளையாட்டு வீரர் குழுவுலயும் இருந்தார். அந்த மாதிரி வந்தா கைய பிடிச்சு கூட்டிட்டு வரணும்.

ஆனா மேனேஜர் சீட் வேற விஷயம். 1996 டூர் ஜெயிச்ச ப்யார்னே ரீஸ் 2007லதான் ஈபிஓ போட்டேன்னு ஒத்துக்கிட்டார், அதுக்குள்ள பல வருஷமா பெரிய டீம நடத்திட்டு இருந்தார். சின்ன பசங்க வாழ்க்கை கைல இருக்கற வேலைக்கு வரணும்னா முதல்ல உட்காந்து முழுசா சொல்லிட்டு வரட்டும். எந்த டாக்டர், எந்த வருஷம், யாரு காசு கொடுத்தா, எல்லாம்.

நம்ம நாட்டுல எப்படி?

இங்க நாடான்னு 2005ல இருந்து ஒரு தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு இருக்கு, 2022ல தனிச் சட்டமும் வந்துடுச்சு. ஆனா நெலம நல்லா இல்ல. 2023ல சுமார் 5,600 சாம்பிள் எடுத்ததுல 200க்கு மேல பாசிட்டிவ், அந்த அளவு டெஸ்ட் பண்ற நாடுகள்லயே நம்ம சதவீதம்தான் அதிகம். அதே வருஷம் டெல்லில ஒரு மாநில தடகள போட்டி, டெஸ்ட் எடுக்க ஆளு வந்திருக்காங்கன்னு தெரிஞ்சதும் 100 மீட்டர் ஃபைனல்ல ஓட வந்தது ஒரே ஒருத்தர்.

இதுக்கு பின்னாடி இருக்கறது நமக்கு தெரிஞ்ச விஷயம்தான், ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஒரு மெடல் சர்டிபிகேட், ஒரு காலேஜ் சீட், ஒரு கவர்ன்மென்ட் வேல. பென்னாகரம் பக்கத்துல மானாவாரி நிலத்த நம்பி இருக்கற குடும்பத்துக்கு அது அரை நூத்தாண்டு சோறு. டூர் டி பிரான்ஸ்ல 5 லட்சம் யூரோவுக்கு எவ்ளோ ஆச வருமோ அத விட அதிகமா இங்க ஒரு சர்டிபிகேட்டுக்கு வரும், அத புரிஞ்சுக்காம தண்டனைய மட்டும் பேசக்கூடாது.

எங்க குரூப்ல ஒரு பையன் இருக்கான், 17 வயசு. போன வருஷம் வெளியூர் ரேஸுக்கு போனப்ப முந்தின நாள் ராத்திரி ஒருத்தர் ரூமுக்கு வந்து வைட்டமின் ஊசி போட்டுக்கடா, காலைல பறப்பன்னு சொல்லியிருக்கார். இவன் பாட்டில காட்டுங்கண்ணான்னு கேட்டிருக்கான், அவர் லேபிள் கிழிச்ச பாட்டில காட்டியிருக்கார். வேணாம்னு சொல்லிட்டு எனக்கு போன் பண்ணான், குரல் நடுங்குச்சு. பயந்தது அவன், லேபிள கிழிச்சவருக்கு எந்த பயமும் இல்ல. நான் மேல எழுதின எல்லாமே அந்த போன்ல இருந்து வந்ததுதான்.

என் பையனுக்கு வீசிங் இருக்கு, இன்ஹேலர் எடுத்தா ஊக்கமருந்தாயிடுமா தம்பி? (ஒரு அம்மா கேட்டது)

ஆகாதுங்கக்கா, பயப்படாதீங்க. நீல கலர் இன்ஹேலர்ல இருக்கற சால்பியுடமால் அளவுக்குள்ள இருந்தா அனுமதி உண்டு, 24 மணி நேரத்துல 1,600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்த எடுத்தாலும் 600 தாண்டக்கூடாது. ஒரு பஃப்ங்கறது பெரும்பாலும் 100. அதனால 8 மணி நேரத்துக்குள்ள ஆறு பஃப் வரைக்கும் கணக்குல நிக்கும், ஆனா அவ்ளோ தேவைப்படுதுன்னா அன்னிக்கு ரேஸ் வேணாம், டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. மாத்திரையாவோ சிரப்பாவோ கொடுத்தா அது வேற கணக்கு, அதுக்கு முன்கூட்டியே சிகிச்சை விலக்குன்னு ஒரு அனுமதி எழுதி வாங்கணும். வாடா தடை லிஸ்ட் ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 1ல மாறும், போன வருஷம் சரின்னு சொன்னது இந்த வருஷம் சரியா இருக்கணும்னு இல்ல.

இருமல் மருந்து, சளி மாத்திரை, ஜிம்ல விக்கற பவுடர் டப்பா, எது வாங்கினாலும் அட்டைய, டப்பாவ போட்டோ எடுத்து வெச்சுக்க சொல்லுங்க, டாக்டர் சீட்டையும் சேத்து. ஊசின்னு யாரு வந்து நின்னாலும் போட்டுக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு போன் பண்ண சொல்லுங்க, ராத்திரி எத்தன மணியானாலும் சரி.